ஐ.ஏ. (வழக்கு நடுவில் போடும் இடைக்கால மனு) தள்ளுபடி ஆகிவிட்டதா? எதற்கு மேலே போகலாம், எதை விட்டுவிடலாம்

கேள்வி கேட்டவர் தண்டையார்பேட்டையில் இருக்கும் ஒரு சகோதரி. பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா வாங்கிக் கட்டிய வீட்டில் பங்கு கேட்டு அண்ணன் மீது பாகப்பிரிவினை வழக்கு போட்டிருக்கிறார். சிட்டி சிவில் கோர்ட்டில் நடக்கிறது. வழக்கு முடிய இன்னும் நாளாகும். அதற்குள் நீதிபதி போட்ட மூன்று உத்தரவும் தனக்கு எதிராகவே வந்துவிட்டன என்கிறார். அண்ணன் ஏழு மாதம் கழித்துக் கொடுத்த பதிலுரையை, இரண்டாயிரம் ரூபாய் செலவுத்தொகை கட்டச் சொல்லி ஏற்றுக்கொண்டது ஒன்று. வீட்டை விற்கக்கூடாது என்று கேட்ட இடைக்காலத் தடையைத் தள்ளுபடி செய்தது இரண்டு. தன் குறுக்கு விசாரணை முடிந்த பிறகு டிரங்குப் பெட்டியில் கிடைத்த அப்பா பெயரிலான கட்டட அனுமதி வரைபடத்தையும் மாநகராட்சி வரி ரசீதுகளையும் சேர்க்கக் கேட்ட மனுவைத் தள்ளியது மூன்று. "மூணுக்கும் சேர்த்து ஹைகோர்ட்ல ஒரே அப்பீலா போடலாமா? இந்த ஜட்ஜே வேண்டாம்னு சொல்லலாமா?" என்று கேட்கிறார்.

சேர்த்துப் போட முடியாது. மூன்றுக்கும் பாதை வேறு வேறு. தடை மனுவுக்கு அப்பீல் உண்டு. ஆவண மனுவுக்கு அப்பீல் கிடையாது, ஆனால் வேறு வழி இருக்கிறது. பதிலுரை விஷயத்தை மறந்துவிடுங்கள்.

ஏன் இப்படி என்று கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் பணத்தையும் வருஷத்தையும் தொலைக்கிறார்கள். வழக்கு முடிந்து தீர்ப்பு வந்தால் மேல்முறையீடு செய்வது உங்கள் உரிமை. சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 96 அதைத் தருகிறது. நடுவில் போடப்படும் உத்தரவுகளுக்கு அந்த உரிமை கிடையாது. பிரிவு 104-ம் ஆர்டர் 43 ரூல் 1-ம் சேர்ந்து ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் உங்கள் உத்தரவு இருந்தால்தான் அப்பீல். கோர்ட்டில் இதை சி.எம்.ஏ. என்பார்கள். தற்காலிகத் தடை, ரிசீவர் (சொத்தைப் பார்த்துக்கொள்ள கோர்ட் வைக்கும் ஆள்) நியமனம், ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்ய மறுத்தது, வராததால் தள்ளுபடியான வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்க மறுத்தது, தவறான கோர்ட் என்று பிராதைத் திருப்பிக் கொடுத்தது இவையெல்லாம் அதில் உண்டு. வழக்குரையைத் திருத்தும் மனு, ஆவணம் சேர்க்கும் மனு, சாட்சியைத் திரும்ப அழைக்கும் மனு, இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர அட்வகேட் கமிஷனர் கேட்கும் மனு எதுவும் அதில் கிடையாது. அன்றாடம் அதிகம் சண்டை நடப்பது இந்த மனுக்களில்தான். இத்தனைக்கும் அப்பீல் கொடுத்தால் ஒரு வழக்கும் முடியாது என்றுதான் சட்டம் எழுதியவர்கள் வெளியே வைத்துவிட்டார்கள்.

பட்டியலில் இல்லாததற்கு சீராய்வு மனு, அதாவது சி.ஆர்.பி. போடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். முன்பு பிரிவு 115-ன் கீழ் தாராளமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2002 ஜூலை 1 முதல் அந்தக் கதவைப் பாதிக்கு மேல் சாத்திவிட்டார்கள். இப்போது ஒரே ஒரு சோதனைதான்: உங்கள் மனுவில் நீங்கள் கேட்டபடியே உத்தரவு வந்திருந்தால் வழக்கே அத்தோடு முடிந்திருக்குமா? முடிந்திருக்கும் என்றால் 115 உண்டு. உதாரணமாக, வழக்கையே நிராகரிக்கக் கேட்டு பிரதிவாதி போட்ட மனு தள்ளுபடியானால் அவர் 115-ல் வரலாம். உங்கள் வரி ரசீதுகளை அனுமதித்திருந்தால் வழக்கு முடிந்திருக்காது, தொடர்ந்துதான் இருக்கும். ஆகவே 115 உங்களுக்கு இல்லை.

மிச்சம் இருப்பது அரசியல் சாசனப் பிரிவு 227. கீழ்க் கோர்ட்டுகள் தங்கள் எல்லைக்குள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் ஹைகோர்ட்டின் மேற்பார்வை அதிகாரம். நம் ஹைகோர்ட்டில் இதற்கும் சி.ஆர்.பி. என்றே எண் கொடுக்கிறார்கள், அதனால்தான் இரண்டும் ஒன்று என்று மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். 227-ல் நீதிபதி சொன்னது தப்பா சரியா என்று ஹைகோர்ட் முதலிலிருந்து எடை போடாது. உங்களைக் கேட்காமலே உத்தரவு போட்டாரா, காரணமே எழுதவில்லையா, சட்டம் கொடுத்த அதிகாரத்தை இல்லை என்று நினைத்துக்கொண்டாரா, இப்படி ஏதாவது இருந்தால்தான் கை வைக்கும். "வேற ஜட்ஜா இருந்தா அலோ பண்ணியிருப்பாரு" என்பது அங்கே எடுபடாது.

பாரிமுனைப் பக்கம் டீக்கடையில் யாராவது "ஒரு ரிட் போட்டுட்டா போச்சு" என்று சொல்லியிருக்கலாம். சிவில் கோர்ட் நீதிபதி போட்ட நீதிமன்ற உத்தரவை எதிர்த்து அரசியல் சாசனப் பிரிவு 226-ல் ரிட் போட முடியாது என்று ராதேஷ்யாம் வழக்கில் 2015-லேயே உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது.

சரி, இனி உங்கள் மூன்று உத்தரவுக்கு வருவோம். சுலபமானதை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். பதிலுரைக்கு 30 நாள், நீட்டித்தால் 90 நாள் என்று சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் சாதாரண சிவில் வழக்கில் அது இரும்புக் கதவு கிடையாது, தக்க காரணம் இருந்தால் அதற்கு மேலும் நீதிபதி அனுமதிக்கலாம் என்று 2005-ல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் சொல்லியாயிற்று. வணிக வழக்குகளில்தான் 120 நாளுக்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. குடும்ப வீட்டுப் பாகப்பிரிவினை அந்த வகையில் வராது. இன்னொன்று, அந்த இரண்டாயிரம் ரூபாயை உங்கள் வக்கீல் வாங்கிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நிபந்தனை உத்தரவில் வந்த செலவுத்தொகையை ஆட்சேபணை எதுவும் சொல்லாமல் கையில் வாங்கிய பிறகு அதே உத்தரவு செல்லாது என்று மேலே போய் நின்றால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். எதிர்க்கப்போகிறோம் என்றால் பணத்தை வாங்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

தடை மனு அப்படி விடக்கூடியதில்லை. புரோக்கர் ஆட்களைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டுகிறார் என்கிறீர்கள். "வழக்கு நிலுவையில் இருக்கும்போது வித்தாலும் வாங்கினவன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவன்தானே" என்று உங்கள் வக்கீல் சொன்னதும் சட்டப்படி சரி. சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 52 அதைத்தான் சொல்கிறது. ஆனால் வாங்கியவர் ஒரு பில்டராக இருந்து, வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி மேலே தளம் போட ஆரம்பித்தால், பிரிவு 52 அந்தச் சுவரைத் திரும்பக் கட்டிக் கொடுக்காது. புதிதாக வந்தவரை வழக்கில் சேர்க்க மனு, அவர் பதிலுரை, அவர் சாட்சி என்று இழுக்கும். திரும்பச் சரிசெய்ய முடியாத சேதம் இந்த மூன்றில் இதில் மட்டும்தான் இருக்கிறது. காசு செலவழிப்பதென்றால் இங்கே செலவழியுங்கள்.

எங்கே போடுவது? ஹைகோர்ட் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உத்தரவு நகலின் முதல் பக்கத்தில் மேலே, நீதிபதி பெயருக்குக் கீழே பதவி எழுதியிருக்கும். 'உதவி நகர உரிமையியல் நீதிபதி' என்றிருந்தால் அப்பீல் அதே சிட்டி சிவில் கோர்ட்டின் முதன்மை நீதிபதிக்குப் போகும். அவர் ஒரு கூடுதல் நீதிபதிக்கு ஒதுக்குவார். கெடு 30 நாள். 'கூடுதல் நகர உரிமையியல் நீதிபதி' என்றிருந்தால் ஹைகோர்ட்டில் சி.எம்.ஏ., கெடு 90 நாள். உங்கள் கேள்வியில் யார் போட்ட உத்தரவு என்று இல்லை. 90 நாள் இருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்திருந்து, உத்தரவு போட்டவர் உதவி நீதிபதியாக இருந்துவிட்டால் காலதாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு, அதற்கு அண்ணன் தரப்பு எதிருரை, அதற்கே ஆறு மாதம். இரண்டு கோர்ட்டும் ஒரே காம்பவுண்டில்தான் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாலேயே எந்தப் படி ஏறுவது என்று ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

நகல் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. இ-கோர்ட்ஸ் ஆப்பில் இறக்கிய உத்தரவு படித்துப் பார்க்க உதவும், அப்பீலுக்குச் சான்றிட்ட நகல் வேண்டும். ஃபேர் ஆர்டர் (காரணங்களோடு எழுதிய முழு உத்தரவு), டிக்ரீட்டல் ஆர்டர் (முடிவை மட்டும் சொல்லும் முறையான உத்தரவு) இரண்டுக்கும் சேர்த்துக் காப்பி அப்ளிகேஷன் போடச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் வாங்கிப் போனால் ரிஜிஸ்ட்ரியில் ரிட்டர்ன் ஆகும். நகல் வந்ததும் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள்: மனுச் செய்த தேதி, முத்திரைத்தாள் கேட்ட தேதி, தாள் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி என்று வரிசையாக இருக்கும். நகலுக்காகக் காத்திருந்த நாட்களைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் கழிவு ஆரம்பிப்பது நீங்கள் அப்ளிகேஷன் போட்ட நாளிலிருந்துதான். அதற்கு முன் கோர்ட் உத்தரவை டைப் அடிக்க எடுத்துக்கொண்ட நாள் கணக்கில் வராது. தாள் கட்டச் சொல்லிப் பலகையில் போட்ட பிறகு குமாஸ்தா பத்து நாள் கழித்துக் கட்டினால் அந்தப் பத்து நாளும் உங்கள் தலையில்தான். கெடு மே மாத விடுமுறையில் முடிந்தால் பயப்பட வேண்டாம், கோர்ட் திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்தால் போதும். முதல் நாள் என்றால் முதல் நாள்தான்.

அப்பீலில் என்ன பேசுவது? தடை கொடுப்பதும் மறுப்பதும் கீழ் நீதிபதியின் விருப்புரிமை, அது மனம்போன போக்கில் இல்லாதவரை மேல் கோர்ட் தன் கருத்தை அதன் மேல் வைக்காது என்று வாண்டர் வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எதிர்த்தரப்பு நிச்சயம் எடுத்து வாசிக்கும். ஆகவே பழைய வாதத்தையே இன்னும் சத்தமாகப் பேசிப் பலன் இல்லை. நீதிபதி பார்க்காமல் விட்டது எது என்று காட்ட வேண்டும். விற்கப்போவதற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் தள்ளுபடிக்குக் காரணம் என்கிறீர்கள். உங்கள் மனுவோடு புரோக்கரின் வாட்ஸ்அப் படங்களைச் சேர்த்திருந்தும் உத்தரவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் அதுதான் அப்பீலில் உங்கள் முதல் கிரவுண்ட், அதாவது முதல் காரணம். சேர்க்கவே இல்லையென்றால் நீதிபதியைக் குற்றம் சொல்லி என்ன செய்வது?

இப்படி இருந்தால் எனக்கு இன்னொரு வழியும் தோன்றுகிறது. இடைக்கால உத்தரவு கல்வெட்டு கிடையாது. நிலைமை மாறினால் அதே கோர்ட்டில் புது மனு போடலாம். உத்தரவுக்குப் பிறகு அண்ணன் யாரிடமாவது அட்வான்ஸ் வாங்கியிருந்தால், விற்பனை ஒப்பந்தம் பதிவாகியிருந்தால், அது புதுச் சூழ்நிலை. வில்லங்கச் சான்று ஒன்று எடுத்துப் பாருங்கள், ஆன்லைனிலேயே கிடைக்கும். புதிதாக ஏதும் இல்லாமல் பழைய மனுவையே தேதி மாற்றிப் போட்டால் மட்டும் செலவுத்தொகையோடு திரும்பி வரும்.

தடைக்கு அப்பீல் உரிமை இருக்கும்போது அதை விட்டுவிட்டு நேராக 227-க்கு ஓடாதீர்கள். 2000-ல் வெங்கடசுப்பையா நாயுடு – செல்லப்பன் வழக்கிலும், 2019-ல் விருதுநகர் இந்து நாடார்கள் தர்ம பரிபாலன சபை வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்திருக்கிறது. இரண்டுமே நம் ஊர் வழக்குகள், ஹைகோர்ட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். சி.எம்.ஏ.-விலும் தோற்றால் இரண்டாவது சி.எம்.ஏ. கிடையாது, பிரிவு 104(2) தடுக்கிறது. அப்போதுதான் 227 என்ற கதவு.

ஆவண மனு கொஞ்சம் சிக்கலானது. என் கருத்தைச் சொல்கிறேன், உங்கள் வக்கீல் வேறு மாதிரி நினைக்கலாம். மாடியைத் தன் பணத்தில் கட்டினேன் என்பது அண்ணன் தரப்பு வாதம். அப்பா பெயரில் அனுமதி வாங்கிய வரைபடம் அந்தக் கதையை நேராக வெட்டுகிறது. ஆகவே முக்கியமான ஆவணம்தான். உத்தரவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். "வழக்கை இழுத்தடிக்கும் நோக்கம், மனு தள்ளுபடி" என்று டாக்கெட்டில் (வழக்குக் கோப்பின் குறிப்புத் தாளில்) ஒரே வரி என்றால் 227-ல் போகலாம். காரணமில்லாத உத்தரவை ஹைகோர்ட் பெரும்பாலும் திருப்பி அனுப்பி மறுபடி விசாரிக்கச் சொல்லும். சாட்சியம் முடிந்த பிறகும் தேவைப்பட்டால் வழக்கைத் திறக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று வேலுசாமி – பழனிசாமி வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதும் கை கொடுக்கும். அதே தீர்ப்பு, வழக்கை இழுக்க இதைப் பயன்படுத்தக்கூடாது என்றும் எச்சரிக்கிறது. அண்ணன் தரப்பு அந்தப் பத்தியைத்தான் படிக்கும். இரண்டு மூன்று பக்கத்துக்கு, எப்போது கிடைத்தது, ஏன் முன்பே தரவில்லை என்றெல்லாம் அலசி எழுதித் தள்ளியிருந்தால், 227-ல் வாய்ப்புக் குறைவு.

விட்டுவிட்டால் அந்த ஆவணம் போயே போய்விடுமா என்றால், போகாது. இதைப் பலர் கட்சிக்காரரிடம் சொல்வதே இல்லை. பிரிவு 105 என்ன சொல்கிறதென்றால், நடுவில் வந்த தவறான உத்தரவை அப்போது எதிர்க்காமல் விட்டிருந்தாலும், அது வழக்கின் முடிவைப் பாதித்திருந்தால், கடைசித் தீர்ப்பின் மீதான அப்பீலில் அதையும் ஒரு காரணமாக எழுதலாம். கூடவே ஆர்டர் 41 ரூல் 27, ஏற்றிருக்க வேண்டிய ஆவணத்தைக் கீழ்க் கோர்ட் ஏற்க மறுத்திருந்தால் மேல் கோர்ட்டே அதை வாங்கிக்கொள்ளலாம் என்கிறது. உங்கள் மனுவும் தள்ளுபடி உத்தரவும்தான் அன்றைக்கு உங்களுக்குச் சாட்சி. மனுவே போடாமல் விட்டவருக்குத்தான் அந்த வழி கஷ்டம். ஆக, உத்தரவு விவரமாக எழுதப்பட்டிருந்தால் நான் இதற்காக மேலே போகமாட்டேன். அதே மாநகராட்சி வரைபடத்தின் நகலை அண்ணன் குறுக்கு விசாரணையில் அவரிடமே காட்டி, "இது உங்க அப்பா பேர்ல வாங்கின அனுமதிதானே" என்று கேட்கச் சொல்லுவேன். எதிர்த்தரப்புச் சாட்சியிடம் குறுக்கு விசாரணையில் காட்டும் ஆவணத்துக்கு முன்கூட்டியே தாக்கல் செய்யும் கட்டாயத்திலிருந்து சட்டமே விலக்குத் தருகிறது. அவர் ஒப்புக்கொண்டால் வேலை முடிந்தது.

பாகப்பிரிவினை வழக்கு என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். யாருக்கு எத்தனை பங்கு என்று முதலில் வருவது முதல்நிலைத் தீர்ப்பு. "இது ப்ரிலிமினரிதான், ஃபைனல்ல பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதற்கு அப்போதே அப்பீல் போடாவிட்டால் பிரிவு 97-ன்படி இறுதித் தீர்ப்பு மீதான அப்பீலில் அதைத் தொடவே முடியாது. இடைக்கால உத்தரவுக்கு 105 கொடுக்கும் சலுகை இதற்கு இல்லை.

மேலே போனாலும் கீழே வழக்கு நிற்காது. அப்பீல் எண் ஆகிவிட்டது என்று வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். "ஸ்டே இருக்கா? இல்லைன்னா சாட்சியை ஏத்துங்க" என்றுதான் நீதிபதி கேட்பார், கேட்பதில் தப்பும் இல்லை. முன்பு சில வருஷம், வழக்கை நிறுத்தி வைக்கும் எந்த ஸ்டேயும் ஆறு மாதத்தில் தானாகக் காலாவதி ஆகும் என்று இருந்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை எடுத்துவிட்டது. அண்ணன் பக்கம் விவரமான வக்கீல் என்றால் இந்நேரம் கேவியட், அதாவது தன்னைக் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது என்ற முன் மனு, போட்டிருப்பார். அது 90 நாள் இருக்கும், அதுவரை அவருக்குத் தெரியாமல் உங்களுக்கு எந்த இடைக்கால உத்தரவும் கிடைக்காது.

நீதிபதியை மாற்றுவது பற்றி: பிரிவு 24-ல் மனுப் போடலாம், ஆனால் மூன்று உத்தரவு எதிராக வந்தது அதற்குக் காரணம் ஆகாது. அவருக்கும் எதிர்த்தரப்புக்கும் தொடர்பு என்பது போல உறுதியாகக் காட்ட ஏதாவது வேண்டும். கோபத்தில் நீதிபதி மீது நிர்வாகப் பக்கம் புகார் எழுதுவதும் வேண்டாம். உத்தரவு தப்பு என்பதற்கு அது இடமில்லை. அப்பீல் போட்டால் ஜட்ஜ் மனதில் வைத்துக்கொள்வார் என்ற பயமும் தேவையில்லை. அவர்கள் உத்தரவு மேலே போவது அவர்களுக்கு அன்றாட வேலை.

நாளைக்கே தம்புச்செட்டித் தெருவுக்கோ உங்கள் வக்கீல் ஆபீஸ் எங்கே இருக்கிறதோ அங்கோ போய், தடை மனு உத்தரவுக்குக் காப்பி அப்ளிகேஷன் போட்டாயிற்றா, எந்தத் தேதியில் போட்டார்கள் என்று கேளுங்கள். மனு, எதிருரை, பிராது, பதிலுரை எல்லாம் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹைகோர்ட்டுக்குப் போவதாக இருந்தால் தமிழ் ஆவணங்களுக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் வேண்டியிருக்கும், அதற்கு நாள் பிடிக்கும். ஃபீஸ் கட்ட முடியாத நிலை என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ம் வருஷ சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் பிரிவு 12-ல் இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழு அந்தக் கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் சொல்வார்கள். மேல்முறையீட்டுக்கும் அந்த உதவி பொருந்தும்.